என் நோய்ப் பதிவைத் திறந்தது யார்? அதைச் சொல்லாத கொம்பியூட்டர் நமக்கு வேண்டாம்

இது நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். உடன்பாடு இல்லையென்றால் காரணத்தோடு சொல்லுங்கள், நானும் காரணத்தோடு பதில் சொல்கிறேன்.

அரச வைத்தியசாலைகள் கொப்பியிலிருந்து கொம்பியூட்டருக்கு மாறிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். நாட்டின் பல வைத்தியசாலைகளில் நோயாளிக்கு ஒரு தனிச் சுகாதார இலக்கம் கொடுத்து, பார்கோட் போட்ட அட்டையும் கொடுக்கிறார்கள். டொக்டர் எழுதுவது, லேப் முடிவு, கொடுத்த மருந்து எல்லாம் அந்த இலக்கத்தின் கீழ் சேர்கிறது. அடுத்த கட்டம், ஒரு வைத்தியசாலையில் உள்ள பதிவை இன்னொரு வைத்தியசாலையும் திறந்து பார்ப்பது. ஆரையம்பதியில் காட்டிய நோயை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும், தேவைப்பட்டால் கொழும்பிலும் ஒரே திரையில் பார்க்கலாம்.

நான் இதற்கு எதிரானவன் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் "மாஸ்டர் டெக்னோலஜிக்கு எதிரி" என்று எழுதத் தேவையில்லை. எங்கள் வயதானவர்கள் ஒவ்வொருவரும் ஒரு ஷொப்பிங் பேக் நிறையக் கடதாசிகளைச் சுமந்துகொண்டு கிளினிக்குக்குப் போகிறார்கள். அதில் பாதி நனைந்தது, பாதி கிழிந்தது. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்டால், "ஒரு வெள்ளக் குளிசைதான்" என்று பதில் வருகிறது. 2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் வந்தபோது நம் கரையோரத்தில் எத்தனை வீட்டுக் கடதாசிகள் போயின என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மாரிக்கும் வெள்ளம் வருகிற மாவட்டம் இது. கடதாசியை நம்பி இருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் எனக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. என் பதிவை யார் திறந்தாலும் அவருடைய பெயர், திகதி, நேரம் அதில் பதிய வேண்டும். நான் கேட்டால் அந்தப் பட்டியலை எனக்குத் தமிழில் காட்ட வேண்டும். இது இல்லாமல் வருகிற எந்த முறைமையும் நோயாளியைப் பாதுகாக்காது. எத்தனை கோடி செலவழித்தாலும், எந்த நாட்டு உதவி கிடைத்தாலும் இதுதான் நிலைமை.

ஏன் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று சொல்கிறேன்.

"ஒளிக்கிறதுக்கு என்ன இரிக்கி?"

இந்தப் பேச்சை எடுத்தாலே தேநீர்க் கடையிலும் ஸ்டாஃப் ரூமிலும் வருகிற முதல் கேள்வி இதுதான். "நமக்கு ஒளிக்கிறதுக்கு என்ன இரிக்கி? சீனி வருத்தமும் பிரஷரும்தானே. பார்க்கிறவன் பார்த்துட்டுப் போகட்டும்."

இதைச் சொல்பவர்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் நாற்பது வயது தாண்டிய, குடும்பமும் தொழிலும் நிலைத்துவிட்ட ஆண்கள். சீனி வருத்தத்துக்காக யாரும் ஒருவரோடு சம்பந்தம் பேசாமல் விடுவதில்லை. ஆனால் ஒரு வைத்தியசாலைப் பதிவில் சீனியும் பிரஷரும் மட்டுமா இருக்கிறது? கலைந்த கரு இருக்கிறது. பிள்ளை இல்லாததற்குக் காரணம் மாப்பிள்ளையா பெண்ணா என்ற சோதனை முடிவு இருக்கிறது. வலிப்பு, காசநோய், மனநல மருந்து, குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் இருக்கிறது. அடி வாங்கிய பெண் "படியில விழுந்திட்டன்" என்று சொல்ல, டொக்டர் அதை நம்பாமல் எழுதிய குறிப்பும் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். வாப்பா மௌத்தான பிறகு மகள் நித்திரை இல்லாமல், சாப்பிடாமல் கிடந்தாள். ஆறேழு மாதம் மனநல கிளினிக்கில் மருந்து எடுத்தாள், சுகமானாள். பிறகு ஒரு சம்பந்தம் வந்தது. பேச்சு முடிகிற நேரத்தில் மாப்பிள்ளை பகுதி விலகிக்கொண்டது. விலகியதுகூடப் பரவாயில்லை. அவர்களுக்குப் பிள்ளை குடித்த குளிசையின் பெயரே தெரிந்திருந்தது. வீட்டில் உம்மாவுக்கும் மகளுக்கும் தவிர யாருக்கும் தெரியாத பெயர்.

எந்த வைத்தியசாலை என்று நான் எழுதப் போவதில்லை. எழுதியும் பயனில்லை. அங்கே போய் "எங்கட கொப்பியப் பார்த்தது யாரு?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. சொல்லக்கூடாது என்பதால் இல்லை, யாருக்கும் உண்மையிலேயே தெரியாது. கொப்பியைத் திறந்தவர் அதில் கையெழுத்து வைப்பதில்லை. பதிவறையில் இருந்தவரா, துண்டு எழுதியவரா, மருந்து கொடுத்தவரா, வரிசையில் பின்னால் நின்று எட்டிப் பார்த்தவரா? ஒருவர் மீதும் பழி சொல்ல முடியாது, ஒருவரையும் சுத்தமானவர் என்று சொல்லவும் முடியாது. அதனால் அங்கே நேர்மையாக வேலை செய்கிற இருபது பேர் மீதும் சந்தேகம் விழுந்தது. அந்தப் பிள்ளையோ இப்போது தலைவலிக்குக்கூட அரச வைத்தியசாலைக்குப் போவதில்லை.

"ஒளிக்கிறதுக்கு என்ன இரிக்கி?" என்று கேட்கிறவர்கள் அந்த உம்மாவிடம் போய் இதைக் கேட்கட்டும்.

வதந்திக்கே இந்த நிலை என்றால்

ஆசிரியர்கள் மறக்கக் கூடாத ஒரு சம்பவம் 2016 இல் குளியாப்பிட்டியில் நடந்தது. ஆறு வயதுச் சிறுவன் ஒருவன். தகப்பன் எயிட்ஸ் நோயால் இறந்தார் என்று ஒரு வதந்தி. பிள்ளைக்கு எச்ஐவி இல்லை என்று வைத்தியச் சான்று இருந்தும் பாடசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின. சேர்த்துக்கொண்ட இடத்தில் மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் கண்டி திருத்துவக் கல்லூரி முன்வந்து அந்தப் பிள்ளைக்கு இடம் கொடுத்தது.

அங்கே யாரும் எந்தப் பதிவையும் திருடவில்லை. வெறும் வாய்ப்பேச்சு ஒரு பிள்ளையின் பாடசாலைக் கதவை மூடியது. அந்தத் தாய் தன் பிள்ளையின் இரத்தப் பரிசோதனை முடிவை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டி வந்தது, காட்டியும் பலன் இல்லை. அப்படியானால் வைத்தியசாலைத் திரையில் இருந்து ஒரு ஸ்கிரீன்ஷொட் வெளியே வந்தால் என்ன ஆகும்? வதந்தியை மறுக்கலாம். அரச முத்திரையோடு வருகிற வதந்தியை எப்படி மறுப்பது?

எங்கள் சமூகத்துக்கு இன்னொரு நினைவும் இருக்கிறது. 2020 மார்ச் முடிவிலிருந்து 2021 பெப்ரவரி வரை, கொவிட் என்று ஒரு பரிசோதனை முடிவு சொன்னால் அந்த ஜனாஸாவை எரித்தார்கள். பிறந்து இருபது நாளான பிள்ளையையும் எரித்தார்கள். பிறகு 2021 மார்ச்சில் நம் மாவட்டத்து ஓட்டமாவடியில்தான் முதல் அடக்கங்கள் நடந்தன. அந்த மாதங்களில் காய்ச்சல் வந்தாலும் வைத்தியசாலைக்குப் போகப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடந்தவர்களை நமக்குத் தெரியும். நோய்த் தகவல் தங்களுக்கு எதிராகத் திரும்பும் என்று ஒரு சனத்துக்குத் தோன்றிவிட்டால், அவர்கள் நோயை மறைப்பார்கள். நோயை மறைத்தால் வைத்தியம் நடக்காது. ஆகவே இரகசியம் காப்பது நோயாளிக்குச் செய்கிற சலுகை இல்லை, வைத்தியத்தின் முதல் படியே அதுதான்.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய கவலையும் இல்லை. ஆரையம்பதித் தமிழ் வீடுகளிலும் சம்பந்தம் பேசுகிறார்கள், அங்கேயும் கரு கலைகிறது, அங்கேயும் காசநோய் வருகிறது. "மத்தச் சமூகத்து ஆள் பார்த்திடுவா" என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையைச் சொல்வோம். மற்றச் சமூகத்துத் தாதிக்கு உங்கள் குடும்பத்தைத் தெரியாது, உங்கள் கதையால் அவருக்கு ஒரு இலாபமும் இல்லை. கதையை ஊருக்குள் கொண்டு வருவது பெரும்பாலும் நம்மை நன்றாகத் தெரிந்த நம்மவர்கள்தான்.

கொப்பிக்கும் திரைக்கும் உள்ள வித்தியாசம்

"கொப்பியிலயும் கசிஞ்சதுதானே, பிறகு கொம்பியூட்டருக்கு மட்டும் ஏன் இந்த நிபந்தனை?" இது நியாயமான கேள்வி.

ஒரு கொப்பியை ஒரு நேரத்தில் ஓரிடத்தில் ஒருவர்தான் வாசிக்கலாம். அதைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த வைத்தியசாலைக்கு, அந்த அறைக்கு, அந்த றாக்கைக்குப் போக வேண்டும். பகிரப்பட்ட பதிவு அப்படி இல்லை. உங்களை ஒரு நாளும் கண்டிராத வைத்தியசாலையில், உங்களுக்கு வைத்தியம் பார்க்காத ஒருவர், உங்கள் பெயரைத் தட்டினால் போதும். ஒரு கொப்பி கசிந்தால் ஒருவரின் கதை போகும். ஒரு கடவுச்சொல் கசிந்தால் ஊரின் கதை முழுக்கப் போகும்.

அதே நேரம் கொப்பியால் ஒருபோதும் செய்ய முடியாத ஒன்றைக் கொம்பியூட்டரால் செய்ய முடியும். யார் திறந்தார், எத்தனை மணிக்குத் திறந்தார், எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்று அது எழுதி வைக்கும். செய்யச் சொன்னால் செய்யும், சொல்லாவிட்டால் செய்யாது. ஆபத்தைக் கூட்டுகிற அதே இயந்திரத்துக்குள்தான் பாதுகாப்பும் இருக்கிறது. ஆபத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பாதுகாப்பை "பிறகு பார்க்கலாம்" என்று சொல்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பாடசாலைக்கு வெளியாள் ஒருவர் வந்தால் வாசலில் பெயர் எழுதி, நேரம் எழுதி, ஒப்பமிட்டுத்தான் உள்ளே வருகிறார். முக்கியமான எதையும் அதிபர் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் பதிகிறார். இதையெல்லாம் யாரும் ஆசிரியர்களை அவமதிப்பதாக நினைப்பதில்லை. நாளை ஒரு பிரச்சினை வந்தால் குற்றமற்றவரைக் காப்பாற்றுவதும் அந்தப் புத்தகம்தான். ஒரு பாடசாலை வாசலுக்கு இருக்கிற ஒழுங்கு ஒரு மனிதனின் உடம்புக்கு வேண்டாமா?

யார் பார்த்தார் என்று கேட்ட தாதி

நான் கேட்கிற இதே கேள்வியை ஒரு தாதி கேட்டு, பல வருடங்கள் அலைந்திருக்கிறார். இது பின்லாந்தில் நடந்தது. அரச வைத்தியசாலை ஒன்றின் கண் பிரிவில் வேலை செய்தவர். 1987 இல் அவருக்கு எச்ஐவி இருப்பது தெரிய வந்தது. அதே வைத்தியசாலையின் வேறொரு பிரிவில் சிகிச்சை எடுத்தார். 1992 அளவில் கூட வேலை செய்கிறவர்கள் தன் நோயை அறிந்துவிட்டார்கள் என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அந்தக் காலத்தில் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு நோயாளிப் பதிவேட்டைத் தாராளமாகப் பார்க்க முடிந்தது.

யார் பார்த்தது என்று கேட்டார். முறைமை கடைசி ஐந்து பார்வைகளை மட்டும்தான் வைத்திருக்கும். அதிலும் ஆளின் பெயர் இல்லை, பிரிவின் பெயர்தான் இருக்கும். வைத்தியசாலையால் பதில் சொல்ல முடியவில்லை. வழக்குப் போட்டார். நிரூபிக்க முடியவில்லை என்று உள்நாட்டு நீதிமன்றங்களில் தோற்றார். கடைசியில் 2008 ஜூலை 17 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்புக் கொடுத்தது. பதிவை ஒழுங்காக வைத்திருக்காத குறை வைத்தியசாலையுடையது, அந்தக் குறையின் சுமையை நோயாளியின் தலையில் வைக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். தகவல் கசிந்த பிறகு நட்டஈடு கேட்கலாம் என்று சட்டத்தில் இருப்பது மட்டும் போதாது, கசியாமல் தடுக்கிற நடைமுறை முதலில் இருக்க வேண்டும் என்றும் அந்த நீதிமன்றம் சொன்னது.

நம் ஊர் உம்மாவின் கேள்வியும் அந்தத் தாதியின் கேள்வியும் ஒன்றுதான். வித்தியாசம் என்னவென்றால், தாதிக்குப் போக ஒரு நீதிமன்றம் இருந்தது.

வெளியே இருக்கிற கள்ளன், உள்ளே இருக்கிற கள்ளன்

கொம்பியூட்டர் பாதுகாப்பு என்றாலே எங்கோ இருட்டறையில் இருக்கிற ஹேக்கரைத்தான் நினைக்கிறோம். அவனும் உண்மைதான். சிங்கப்பூரில் 2018 இல் ஒரு பெரிய வைத்தியசாலைக் குழுமத்துக்குள் புகுந்து 15 இலட்சம் பேரின் விபரங்களை எடுத்தார்கள், அதில் அந்நாட்டுப் பிரதமரின் விபரமும் இருந்தது. பின்லாந்தில் 2020 இல் ஒரு தனியார் உளவள நிறுவனத்தின் பதிவுகளைத் திருடியவன் நிறுவனத்திடம் மட்டும் காசு கேட்டு நிற்கவில்லை. நோயாளிகளுக்கே நேரடியாக எழுதி, "காசு தராவிட்டால் நீ சொன்னதையெல்லாம் வெளியிடுவேன்" என்று மிரட்டினான். 2024 இல்தான் அவனுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

அதே சிங்கப்பூரில் 2019 ஜனவரியில் வெளியான இன்னொரு விடயம் இருக்கிறது. எச்ஐவி பதிவேட்டில் இருந்த 14,200 பேரின் விபரம் இணையத்தில் வந்துவிட்டது. அங்கே பூட்டை உடைத்து யாரும் உள்ளே போகவில்லை. பதிவேட்டைப் பார்க்க வேலை ரீதியாக அனுமதி இருந்த ஒரு டொக்டர், அவருடைய நெருங்கிய துணைவர் என்ற வழியாகத்தான் அது வெளியே போனது. சாவி கையில் இருந்தவரின் வீட்டு வழியாகப் போனது. சிங்கப்பூருக்கே இந்த நிலை என்றால், ஒரே கடவுச்சொல்லை மானிட்டரில் ஸ்டிக்கராக ஒட்டி வைக்கிற அலுவலகங்கள் உள்ள நாட்டில் என்ன எதிர்பார்ப்பது?

நம் நாட்டின் பாதுகாப்பைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். 2021 இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவுகள் அரச கிளவுட்டிலிருந்து அழிந்துபோனது, விசாரணை, கைது, நீதிமன்றம் என்று போனது. 2023 ஆகஸ்ட்டில் அரச கிளவுட் மீது காசு கேட்டுப் பூட்டுகிற ரான்சம்வெயார் தாக்குதல் நடந்தது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனது போனதுதான், அந்தக் காலத்துக்குத் தனியாகப் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. மின்னஞ்சல் போனால் மறுபடி எழுதலாம். மூன்று மாதத்து டயலிசிஸ் பதிவு, புற்றுநோய் மருந்தின் அளவு போனால் என்ன செய்வது?

சட்டம் இருக்கிறதே?

இருக்கிறது. எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 5 ஆம் பிரிவின்படி, ஒருவரின் வைத்தியப் பதிவை அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கொடுக்க முடியாது. அதாவது முறைப்படி விண்ணப்பம் எழுதி, உத்தியோகத்தரிடம் கொடுத்து, நாள் கணக்கில் காத்திருந்து கேட்டால் கிடைக்காது. ஆனால் உள்ளே வேலை செய்கிற மச்சானுக்கு ஒரு கோல் எடுத்தால் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும். முன்கதவில் சட்டம் காவல் நிற்கிறது, பின்கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்கூட இல்லை.

2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி அனுமதியின்றி ஒரு கொம்பியூட்டருக்குள் நுழைவது குற்றம். நல்லது. ஆனால் நுழைந்தவர் யார் என்று பதிவே இல்லாத இடத்தில் யாரைப் பிடித்து வழக்குப் போடுவது?

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலை விசேட வகைத் தரவாகவே வைத்திருக்கிறது. உங்கள் தகவலைப் பார்க்கவும் பிழையைத் திருத்தக் கேட்கவும் அது உரிமை தருகிறது. மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் என்றும் எழுதியிருந்தார்கள். சட்டம் நிறைவேறியது 2022 மார்ச்சில். அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரும் என்று வர்த்தமானி சொன்னது. அந்தத் திகதி நெருங்கியபோது அதையும் ஒத்திவைத்தார்கள். கொம்பியூட்டர் வாங்குவதையோ தரவு சேர்ப்பதையோ இப்படி யாரும் ஒத்திவைக்கவில்லை. மக்களைப் பாதுகாக்கிற பகுதிக்கு மட்டும்தான் எப்போதும் "தயாராக இன்னும் காலம் வேண்டும்".

"ஆள் இல்ல, நேரம் இல்ல"

வைத்தியசாலையில் வேலை செய்கிற நண்பர்கள் சொல்வதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். "ஒரு வார்ட்டுக்கு ஒரு கொம்பியூட்டர், நாங்க அஞ்சு பேர். ஒவ்வொரு தரமும் லொக் அவுட் பண்ணி லொகின் பண்ணினா நோயாளி வரிசையிலேயே செத்திடுவான்."

இது சாட்டு இல்லை, உண்மை. கடவுச்சொல்லைப் பங்கு போட்டுக்கொள்கிற தாதி கள்ளி இல்லை, போதிய இயந்திரம் கொடுக்கப்படாத தொழிலாளி. அதனால்தான் இந்தக் கோரிக்கையைத் தாதியிடம் வைக்காமல் அமைச்சிடம் வைக்கிறேன். அட்டையைத் தட்டினால் ஒரு நொடியில் திறக்கிற முறை உலகத்தில் இருக்கிறது. அதற்குக் காசு வேண்டும், அந்தக் காசைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே போட வேண்டும். பூட்டுப் போடக் காசில்லை என்றால் வீட்டைக் கட்டி முடித்துவிட்டோம் என்று நாடா வெட்டக் கூடாது.

இன்னொரு வாதம், "அவசரத்தில பூட்டு உயிரை எடுத்திடும்." அதற்கும் வழி இருக்கிறது. அவசரப் பிரிவு டொக்டர் எந்தப் பதிவையும் உடனே திறக்கட்டும், யாரும் தடுக்க வேண்டாம். திறக்கும்போது காரணத்தை ஒரு வரியில் எழுதட்டும், பிறகு இன்னொருவர் அதைச் சரிபார்க்கட்டும். உயிரைக் காப்பாற்றத் திறந்தவருக்கு அந்த ஒரு வரி பாரம் ஆகாது. சம்பந்தம் விசாரிக்கத் திறந்தவருக்குத்தான் அது பாரம்.

"இதெல்லாம் வெளிநாட்டுக் கனவு" என்பது மூன்றாவது வாதம். எஸ்டோனியா என்ற, சனத்தொகையில் நம் கிழக்கு மாகாணத்தைவிடச் சிறிய நாட்டில், ஒவ்வொரு குடிமகனும் தன் சுகாதாரப் பதிவை யார் யார் திறந்தார் என்று வீட்டிலிருந்தே பார்க்கிறான். சந்தேகம் இருந்தால் முறையிடுகிறான். நம் நாடு மட்டும் என்ன குறைந்தது? 2020 இன் ஆரம்பத்தில் கொவிட்டைக் கண்காணிக்க டிஎச்ஐஎஸ்2 மென்பொருளில் உலகத்துக்கே முன்மாதிரியான அமைப்பை உருவாக்கியது இலங்கையின் சொந்தச் சுகாதாரத் தகவல் வைத்தியர்கள்தான். அதைப் பிறகு பல நாடுகள் எடுத்துக்கொண்டன. அப்படிப்பட்ட திறமை இருக்கிற நாட்டில் "முடியாது" என்றால் யார் நம்புவது? முடியும், ஆனால் யாரும் கேட்கவில்லை.

என்ன கேட்க வேண்டும்

1. வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் தனி லொகின். ஐந்து பேருக்கு ஒரு கடவுச்சொல் என்ற பேச்சே இருக்கக் கூடாது.

2. யார் திறந்தாலும் பெயர், திகதி, நேரம் பதிய வேண்டும். அந்தப் பதிவை யாராலும், மேலதிகாரியாலும், அழிக்க முடியாமல் இருக்க வேண்டும். நோயாளி கேட்டால் அந்தப் பட்டியலைத் தமிழில் கொடுக்க வேண்டும்.

3. வேலைக்குத் தேவையானது மட்டும் திரையில் தெரிய வேண்டும். துண்டு எழுதுகிறவருக்குப் பெயரும் இலக்கமும் போதும், மருந்து கொடுக்கிறவருக்கு மருந்தும் ஒவ்வாமையும் போதும். மனநலம், எச்ஐவி, கருச்சிதைவு, குடும்ப வன்முறை போன்றவை இன்னொரு பூட்டுக்குப் பின்னால் இருக்கட்டும்.

4. சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும், வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள தாளைக் காட்டி "இதுல ஒரு ஸைன் வைங்க உம்மா" என்று வாங்குவது சம்மதம் இல்லை.

5. பொலிஸ், காப்புறுதி, வேலை கொடுப்பவர், கல்வி அலுவலகம் யாராக இருந்தாலும் நோயாளியின் எழுத்துமூலச் சம்மதமோ நீதிமன்றக் கட்டளையோ இல்லாமல் பதிவு போகக் கூடாது.

6. பிரதான வலையமைப்போடு தொடர்பில்லாத தனிப் பிரதி ஒவ்வொரு நாளும் எடுக்க வேண்டும். மின்சாரமும் இணையமும் இல்லாத நாளில் என்ன செய்வது என்பதற்குப் பயிற்சியும் வேண்டும்.

7. கசிந்தால் மறைக்காமல் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும். பதவி பார்க்காமல் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

நம் பங்கு

அரசாங்கத்திடம் இவ்வளவு கேட்கிற நாம் என்ன செய்கிறோம்? பிரசவ வார்ட்டில் படுத்திருக்கிற பெண்ணின் படத்தை "துஆச் செய்யுங்கள்" என்று குரூப்பில் போடுகிறோம். உதவி சேர்க்கிறோம் என்று முழு வைத்திய அறிக்கையையும் பெயர், அடையாள அட்டை இலக்கத்தோடு ஃபோர்வேர்ட் பண்ணுகிறோம். நோயாளி சுகமாகி வீட்டுக்கு வந்து வருடங்கள் ஆனாலும் அந்தப் படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உதவி கேட்பதென்றால் பள்ளிவாசல் நிர்வாகமோ கோயில் நிர்வாகமோ அறிக்கையைப் பார்த்து உறுதிப்படுத்தட்டும், குரூப்புக்கு ஒரு வரி போதும். ஆசிரியர்களும் பிள்ளையின் வைத்தியச் சான்றை ஸ்டாஃப் ரூம் மேசையில் திறந்து போட்டுவிட்டு இன்டர்வலுக்குப் போகக் கூடாது. லீவுக்கு வைத்தியக் கடிதம் கொடுத்த டீச்சருக்கு என்ன வருத்தம் என்பது அந்தக் கடிதத்தைக் கையாள வேண்டியவரோடு நிற்கட்டும்.

ஒருவர் நம்பிக் கொடுத்தது அமானிதம். காசை அமானிதமாக வைத்தால் ஒரு சதம் குறையாமல் கொடுக்கிற மனிதர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நோயைப் பற்றிய சொல்லும் அதே அமானிதம்தான்.

அடுத்த முறை வைத்தியசாலை அபிவிருத்திக் குழு கூடும்போது அதில் இருக்கிற நம் ஊர்ப் பெரியவர்கள் புது வார்ட், புது அம்பியூலன்ஸ் கேட்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேட்கட்டும். இங்கே கொம்பியூட்டரில் ஒவ்வொருவருக்கும் தனி லொகின் இருக்கிறதா? ஒரு நோயாளி தன் பதிவை யார் பார்த்தார் என்று கேட்டால் பட்டியல் கொடுப்பீர்களா? "ஆம்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். "இல்லை" என்றால் எப்போது கொடுப்பீர்கள் என்று திகதி கேட்டு, அந்தத் திகதியைக் கூட்ட அறிக்கையில் எழுத வையுங்கள். இந்தப் பதிவை ஷெயார் பண்ணுவதைவிட அந்த ஒரு வரி அறிக்கையில் ஏறுவதுதான் எனக்கு வேண்டும்.